பெல்ட் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: பழைய சூப்பர் கார்களில் எது கைக்கு அடங்கும்?

டைமிங் பெல்ட் என்பது இன்ஜினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும், பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொள்ளலாம். ஃபெராரி எஃப்355 காரில் அந்தப் பட்டையை மாற்றுவதை ஒருமுறை கிட்டே நின்று பார்த்தேன். வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். பின் சக்கரங்கள் கழன்றன. ஆயிலையும் கூலன்ட்டையும் வடித்தார்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், கேபிள், வயரிங் சாக்கெட் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப்பை ஒட்டி எண் எழுதினார்கள். கடைசியில் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன் மூன்றும் ஒரே கூட்டாக ஒரு மேசைமேல் உட்கார, வெறும் பாடி மட்டும் லிஃப்டோடு மேலே போனது. அதற்கப்புறம்தான் பெல்ட் கண்ணில் பட்டது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர் எஃப்355 வைத்திருந்திருக்க மாட்டார். ஆனால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த இன்ஜின் நீளவாக்கில், கியர்பாக்ஸ் பின்பக்கமாக இருக்கும்படி உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் இருக்கும் முகம் ஓட்டுநரின் முதுகைப் பார்த்தபடி, கேபின் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. நடுவில் கை நுழையாது. அதனால்தான் இத்தனை பாடு. பெல்ட்டை அப்படியே விட்டுவிடவும் முடியாது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜின் போய்விடும்.

பழைய சூப்பர் கார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பிராண்டை வைத்து ஒப்பிடுகிறார்கள். இத்தாலிக்காரன் என்றால் மக்கர் பண்ணும், ஜெர்மன்காரன் என்றால் உழைக்கும், ஜப்பான்காரன் என்றால் சாவியைத் திருப்பினால் போதும். இதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் முடிவெடுக்க அது போதாது. நான் பார்ப்பது இரண்டே கேள்விகள். வழக்கமாக மாற்ற வேண்டிய பாகத்துக்குக் கை எட்டுமா? அந்தப் பாகம் இன்றைக்கும் கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பானட்டில் குதிரை இருந்தால் என்ன, காளை இருந்தால் என்ன.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 20 வருடம் கழித்து வண்டியின் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கலாம். ஆனால் அதன் ஸ்பேர் பார்ட்ஸ், வண்டி புதிதாக எந்த வரிசையில் விற்றதோ அந்த வரிசையிலேயே நிற்கும். சாதாரண செடான் விலைக்கு ஒரு சூப்பர் கார் கிடைத்தாலும் கிளட்ச் பிளேட் செடான் விலைக்குக் கிடைக்காது. யானையைச் சல்லிசாக வாங்கிவிடலாம், தீனி யானைத் தீனிதான்.

சரி, வண்டிகளுக்கு வருவோம்.

எஃப்355 (1994 முதல் 1999 வரை) ஆசைப்பட வைக்கும் கார். 3.5 லிட்டர் வி8, சிலிண்டருக்கு 5 வால்வு. 8,000 ஆர்பிஎம்முக்கு மேல் அது போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் அப்புறம் கணக்கு வழக்குப் பேச மாட்டார்கள். ஆனால் பெல்ட் வேலை காலண்டரைப் பார்த்து வரும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இன்ஜின் கீழே இறங்க வேண்டும். போதாததற்கு ஆரம்பகால இன்ஜின்களில் வால்வு ஏறி இறங்கும் வெண்கலக் குழல் (வால்வு கைடு) சீக்கிரம் தேய்ந்து, சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வைத்தது. இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய்க்கூட்டான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடும். கேட்டலிடிக் கன்வர்ட்டரின் சூட்டை அளக்கும் சின்னப் பெட்டி கெட்டுப்போய், ஒன்றுமே ஆகாதபோதும் வேகத்தைக் குறைக்கச் சொல்லி விளக்கைப் போடும். உள்ளே சுவிட்சுகளின் மேல்பூச்சு வருடம் போகப் போகப் பிசுபிசுத்து, தொட்டால் விரலில் கருப்பாக ஒட்டும். கடைசியில் சொன்னது இன்ஜினைப் பாதிக்காது, ஆனால் இவ்வளவு கொடுத்து வாங்கியவனின் மனதைப் பாதிக்கும்.

அடுத்து வந்த 360 மோடெனா (1999 முதல் 2004 வரை) இந்த ஒப்பீட்டில் என்னைப் பொறுத்தவரை முக்கியமான திருப்பம். இதிலும் பெல்ட்தான். ஆனால் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடி வைத்துவிட்டார்கள். இருக்கையை எடுத்து, மூடியைத் திறந்தால் கேபினுக்குள் உட்கார்ந்தபடியே பெல்ட் பக்கம் போய்விடலாம். இன்ஜின் தன் இடத்திலேயே இருக்கும். ஒரு மூடி, அவ்வளவுதான் வித்தியாசம். எஃப்355-இன் பெரிய சர்வீஸ் வாரக்கணக்கில் இழுக்கும்போது, இது நாள்கணக்கில் முடிகிறது. 360 வாங்குகிறவர் கேட்க வேண்டியது வேறு. ஆரம்பகால வண்டிகளில் கேம் வேரியேட்டர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) கோளாறு இருந்தது, அது மாற்றப்பட்டதற்கு பில் இருக்கிறதா? சஸ்பென்ஷனில் பால் ஜாயின்ட் எந்த நிலையில் இருக்கிறது? மேடு பள்ளத்தில் கிறீச்சிட்டால் அதுதான்.

அப்புறம் துடுப்பு கியர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பைத் தட்டினால் கியர் மாறும் 'எஃப்1' கியர்பாக்ஸ் 1997-இல் எஃப்355-இல் வந்தது, 360-இல்தான் பரவலானது. பெயரைக் கேட்டு அசந்துவிட வேண்டாம். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் சாதாரண கிளட்ச்சும்தான். காலுக்குப் பதில் ஒரு ஹைட்ராலிக் பம்ப் கிளட்ச்சை மிதிக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பின்னாலிருந்து 'ம்ம்ம்' என்று சில நொடி ஒரு முனகல் கேட்கும், அழுத்தம் ஏற்றுகிறது. அந்த முனகல் சீக்கிரம் அடங்க வேண்டும். நீண்டுகொண்டே போனாலோ, நிமிடத்துக்கு நிமிடம் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, பம்ப்போ அழுத்தம் தேக்கும் குடுவையோ வேலை வைக்கப்போகிறது. சில சமயம் பம்ப்பின் ரிலே ஒட்டிக்கொள்ளும், பம்ப் நிற்காமல் ஓடிக் கருகிவிடும். காசு பெறாத ரிலே, கொண்டுபோவதோ பெரிய பாகத்தை. அந்த ரிலேயை முன்கூட்டியே மாற்றிவிடுவதுதான் விவரமறிந்தவர்கள் செய்யும் காரியம். கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பதை கம்ப்யூட்டரில் படிக்க முடியும். அந்த எண்ணைக் காட்டாத விற்பனையாளரிடம் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எஃப்430 (2004 முதல் 2009 வரை) பெல்ட்டையே ஒழித்துவிட்டு செயினுக்கு மாறியது. கேட்க நிம்மதி. ஆனால் இதன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு உள்ளுக்குள் விரிசல் விட்டால் உடைந்த துணுக்குகள் இன்ஜினுக்குள்ளேயே திரும்பிப் போகும் அபாயம் உண்டு. அதனால் மேனிஃபோல்டு மாற்றிய வண்டியையே தேட வேண்டும். பிரேக் டிஸ்க் எஃகா, செராமிக்கா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். செராமிக் நெடுநாள் வரும், ஆனால் வீல் கழற்றும்போது கவனமில்லாமல் தட்டி விளிம்பு பெயர்ந்தால் தாங்காத செலவு. ஃபெராரியின் டெஸ்டரோசா? 12 சிலிண்டர், இன்ஜினை இறக்கித்தான் பெல்ட், டிஃபரன்ஷியல் பலவீனம், ஆரம்பகால வண்டி என்றால் 415 மில்லிமீட்டர் சக்கரம், அதற்கு டயர் தேடும் படலம் தனி. முதல் சூப்பர் காராக அதை வாங்காதீர்கள்.

ஹோண்டா என்எஸ்எக்ஸ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1990-இல் வந்தது, 2005 வரை செய்தார்கள். நடுவில் இன்ஜின், முழுக்க அலுமினியத்தில் மோனோகாக் பாடி, டைட்டானியம் கனெக்டிங் ராடு, 8,000 ஆர்பிஎம் வரை ஏறும் வி6. உருவாக்கத்தின்போது அயர்டன் சென்னா சுசூகா தடத்தில் ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்னார். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கோர்டன் மர்ரே தனக்கென்று ஒன்று வைத்திருந்தார், தினமும் ஓட்டக்கூடிய சூப்பர் கார் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார். இதிலும் டைமிங் பெல்ட் உண்டு. ஆனால் இன்ஜின் குறுக்குவாக்கில் உட்கார்ந்திருப்பதால், அதை இறக்காமலே மாற்றலாம். இடைவெளியும் சுமார் 1,45,000 கிலோமீட்டர் அல்லது 6 வருடம். பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது வழக்கம். எஃப்355 ஒருமுறை இறங்கி ஏறும் செலவில் என்எஸ்எக்ஸ்காரர் பல வருடம் ஓட்டிவிடுவார்.

அதற்காக என்எஸ்எக்ஸ் கெடவே கெடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆரம்ப வருடங்களில் வந்த 5 கியர் மேனுவல் பெட்டிகளில் ஒரு பகுதியில், பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் ஸ்னாப் ரிங் உடைந்து கியர்பாக்ஸ் கூட்டையே பிளந்தது. உங்கள் பெட்டி அந்தப் பகுதியைச் சேர்ந்ததா என்பதை அதன்மேல் பொறித்த எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம், வாங்குமுன் வண்டிக்கு அடியில் படுத்து அந்த எண்ணைப் படியுங்கள். ஏசி கன்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வயதானதும் கசிந்து, சர்க்யூட் போர்டை அரிக்கும். ஆரம்பகால வண்டிகளின் வீல் அலைன்மென்ட் கணக்கு பின் டயரைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் தின்றுவிடும், பிற்பாடு ஹோண்டாவே அதைத் திருத்தியது. இவையெல்லாம் கைக்கு எட்டுகிற வேலைகள். எட்டாத இடம் வேறு. மொத்தமே சுமார் 18,000 வண்டிகள்தான் செய்தார்கள். வயது ஏற ஏற சில பாகங்கள் கம்பெனியிலேயே இல்லை என்ற பதில் வருகிறது. அலுமினிய பாடி அடிபட்டால் சாதாரண டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்த முடியாது. ஆகவே என்எஸ்எக்ஸில் முதல் கேள்வி விபத்தா என்பதுதான், இன்ஜின் இரண்டாவது.

போர்ஷே 911-ஐ இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதா என்று சிலர் கேட்பார்கள். தினமும் ஓட்டுகிறார்கள், அதனால் எக்ஸாட்டிக் இல்லையாம். பராமரிப்பு என்று வரும்போது இந்தக் குற்றச்சாட்டே அதற்குப் பெரிய புகழ்ச்சி. எண்ணிக்கையில் நிறைய இருப்பதால் பாகமும் கிடைக்கிறது, வேலை தெரிந்த ஆளும் கிடைக்கிறார். ஆனால் 911 என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு வண்டிகள் இருக்கின்றன.

முதல் வகை 1998-இல் முடிந்த காற்றுக் குளிர்விப்பு இன்ஜின்கள். எளிமையானவை, ஆனால் ஆயில் கசியும். 964 என்ற தலைமுறையில் (1989 முதல் 1994 வரை) சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையே கசிவு வரும், ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் குட்டி பெல்ட் அறுந்து ஒரு பக்க ஸ்பார்க் தாறுமாறாகும். கடைசித் தலைமுறையான 993-இல் புகையைச் சுத்தமாக்கக் கூடுதல் காற்றை விடும் செகண்டரி ஏர் துவாரங்கள் கார்பனால் அடைபடும். சமாளிக்கக்கூடியவைதான், ஆனால் விலை இன்று எங்கேயோ போய்விட்டது. இவற்றை வாங்குகிறவர் பராமரிப்புச் செலவுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, வாங்கும் செலவுக்காகத்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது வகை 1997-இல் வந்த 996 தலைமுறையின் சாதாரண மாடல்கள். எல்லாவற்றிலும் மலிவு, காரணம் ஐஎம்எஸ் பேரிங். கேம்களைச் சுழற்றும் இடைத்தண்டின் முனையில் ஒரு பேரிங் இருக்கிறது. அது சிதறினால் இன்ஜின் மொத்தமும் போச்சு. 2000-ஐ ஒட்டி ஒற்றை வரிசை பேரிங்குக்கு மாறிய பிறகு வந்த வண்டிகளில்தான் ஆபத்து அதிகம் என்று கருதுகிறார்கள். கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸைக் கழற்றும்போது பேரிங்கையும் மாற்றிவிட்டால் அந்தத் தலைவலி முடிந்தது. நல்ல விஷயம் என்னவென்றால், வியாதியின் பெயர் எல்லோருக்கும் தெரிந்ததால் மருந்தும் எங்கும் கிடைக்கிறது. சிலிண்டர் சுவரில் கோடு விழுவதை மட்டும் போரோஸ்கோப் கேமரா விட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

மூன்றாவது வகை 996 டர்போ, ஜிடி3. பெயர்ப்பலகைதான் 996, இன்ஜின் ரேஸ் பரம்பரையில் வந்த, ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரால் அழைக்கப்படும் வேறு இன்ஜின். அந்த ஐஎம்எஸ் தொல்லை இதற்குக் கிடையாது. டர்போவில் 420 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, மழையிலும் ஓட்டலாம். இதற்கும் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. கூலன்ட் குழாய்களின் முனைகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். வருடங்கள் கழித்துப் பசை விட்டால் குழாய் பிடுங்கிக்கொண்டு, கூலன்ட் பின் டயரடியில் கொட்டும். இன்ஜினை இறக்கி, அந்த முனைகளை வெல்டிங் செய்தோ ஆணி போன்ற பின் அடித்தோ விட்டால் நிரந்தரத் தீர்வு. ஒருமுறை செய்தால் போதும் என்பதுதான் எஃப்355 பெல்ட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். யாரோ ஒரு முந்தைய உரிமையாளர் அந்தச் செலவைச் செய்து முடித்திருந்தால், அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு வாங்கிவிடலாம்.

லம்போர்கினி கல்லார்டோ (2003 முதல் 2013 வரை) பலரையும் ஆச்சரியப்படுத்தும். 1998-இல் லம்போர்கினி ஆடியின் கைக்கு வந்த பிறகு பிறந்த வண்டி. வி10 இன்ஜினில் செயின்தான், பெல்ட் கவலை இல்லை. 14,022 வண்டிகள் செய்தார்கள், ஆடி ஆர்8-உடன் உறவும் உண்டு. அதனால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. செலவு முழுக்க கிளட்ச்சில் இருக்கிறது. ஈ-கியர் என்ற துடுப்பு கியர் வண்டியை நெரிசலில் ஊர விட்டாலோ, ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தாலோ கிளட்ச் உருகும். நெடுஞ்சாலையில் ஓட்டியவரின் கிளட்ச்சும், நெரிசலில் படம் காட்ட ஓட்டியவரின் கிளட்ச்சும் ஒரே ஆயுள் பெறாது. வாடகைக்கு விட்ட வண்டியா என்று விசாரிப்பது இந்த மாடலில் மட்டும் மிக அவசியம்.

லோட்டஸ் எஸ்பிரி (1976 முதல் 2004 வரை) கையில் ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கு. ஃபைபர் பாடி, துருப்பிடிக்காது. ஆனால் பெட்ரோல் டேங்க் இரும்பு, அதைச் சுற்றியுள்ள ஃபோம் ஈரம் குடித்துக் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துவிடும். பல பாகங்கள் வேறு சாதாரணக் கார்களிலிருந்து கடன் வாங்கியவை. 1987-க்குப் பிந்தைய பெரும்பாலான வண்டிகளின் பின்விளக்கு டொயோட்டா கொரோலாவினுடையது! எது எந்தக் காரிலிருந்து வந்தது என்று தெரிந்தவருக்கு இது சிக்கனமான வண்டி, தெரியாதவருக்குத் தினமும் ஒரு புதிர். 4 சிலிண்டர் டர்போவை எடுங்கள், 1996-இல் வந்த வி8-ஐ அனுபவசாலிகளுக்கு விடுங்கள்.

மாடலைவிடவும் முக்கியமான ஒன்று, அந்தக் குறிப்பிட்ட வண்டி எப்படி வாழ்ந்தது என்பது. ஓடோமீட்டரில் குறைந்த எண்ணைப் பார்த்ததும் வாயைப் பிளக்கிறவர்கள் நிறைய. 25 வருடத்தில் 9,000 கிலோமீட்டர் என்றால் அது ஓடாமல் கிடந்தது என்று அர்த்தம். ஆயில் சீல் காய்ந்து சுருங்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு காலிப்பரை உள்ளிருந்து அரிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயை மெல்ல மெல்ல இளக்கும். சூடான இன்ஜினுக்கு மேலே அந்தக் குழாய் கசிந்தால் வண்டி தீப்பிடிக்கும், பராமரிப்பு ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடும். டயரின் மேல்பள்ளங்கள் தேயாமல் புதிதுபோல இருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2309 என்றிருந்தால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். அந்த டயரில் 200 கிலோமீட்டர் வேகம் போக எனக்குத் தைரியம் இல்லை.

பார்க்கப் போகும் நாளில் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பின்னால் இருக்கும் இன்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலை முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையையோ செயின் சத்தத்தையோ மறைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் போதாது, பில் வேண்டும். பில்லில்தான் எந்தப் பாகம், எத்தனை மணி நேர வேலை என்று இருக்கும். அந்த மாடலில் கை வைத்துப் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) எடுத்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

இனி முடிவுக்கு வருகிறேன். ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள், சாவியைத் திருப்பியதும் கிளம்ப வேண்டும் என்றால் என்எஸ்எக்ஸ் அல்லது கூலன்ட் குழாய் வேலை முடிந்த 996 டர்போ. இந்த இரண்டில் எனக்கு என்எஸ்எக்ஸ்தான் பிடிக்கும், ஆனால் அறிவு டர்போவைச் சொல்கிறது, பாகம் கிடைக்கும் என்பதற்காக. ஃபெராரிதான் வேண்டும், மனம் வேறெதிலும் நிற்காது என்றால் மேனுவல் கியர் போட்ட 360. அந்த மேனுவலுக்கு இப்போது துடுப்பு கியரைவிட அதிகம் கேட்கிறார்கள். கொடுத்துவிடுங்கள், பம்ப், ரிலே, அழுத்தக் குடுவை மூன்றின் கவலையும் அதோடு போகிறது, விற்கும்போது அந்தத் தொகை பெரும்பாலும் திரும்பியும் வரும். எஃப்355-ஐ வாங்குகிறவர்களைத் தடுக்க என்னிடம் வாதம் எதுவும் இல்லை, அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் இன்ஜினை இறக்கி ஏற்றி ஒரு வருடம் ஆகாத வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், அடுத்த இறக்கத்துக்கான பணத்தை அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள்.

ஒரே விலையில் இரண்டு 360 நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 12,000 கிலோமீட்டர், பளபளப்பு, பில் இல்லை. இன்னொன்று 70,000 கிலோமீட்டர், பம்பரில் கல் தெறித்த புள்ளிகள், ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தோல் தேய்ந்திருக்கிறது, கூடவே ஒரு தடித்த ஃபைல். நான் அந்த ஃபைலைப் பிரித்து, பெல்ட் மாற்றிய தேதியை மட்டும் பார்ப்பேன். அது சரியாக இருந்தால் பளபளப்பு வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.